பதினோராம் நிமிடம்

கஸ்டி படகிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினான். கையில் ஈரச் சாக்கு. அதற்குள் இரண்டு சிவப்பு சால்மன், இந்த ஆண்டு அவன் வலையில் விழுந்த முதல் மீன்கள். பருவத்தின் முதல் மீனைப் பிடித்தவன் வைத்துக்கொள்ளக் கூடாது. யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். கஸ்டி வழக்கமாகக் கோயில் பாதிரியாருக்குக் கொடுப்பான். இந்த முறை ஆற்றில் நாற்பது மைல் எதிரேறி அக்காவிடம் கொண்டுவந்திருந்தான்.

"பாதிரியார் கோவிச்சுக்கப் போறார்டா," என்றாள் மார்ஃபா.

"கோவிச்சுக்கட்டும். அவர் ஜெபத்துக்கா வளைகுடா திறந்துச்சு? உன் கட்டைவிரலுக்குல்ல திறந்துச்சு!"

மார்ஃபா சாக்கை வாங்கிக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளுக்கு அது எட்டாவது கோடை. ஆற்றங்கரையில் இரும்புக் குழாய்களால் கட்டிய பரண் ஒன்று இருக்கிறது. அதற்கு நேர் கீழே ஆற்றின் அடியில் வெள்ளைத் தகடுகளைப் பதித்திருக்கிறார்கள். மீன்கள் கரையை ஒட்டி எதிரேறும்போது அந்த வெள்ளையின் மேல் கறுப்பு நிழல்களாகத் தெரியும். ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து நிமிடம் மட்டும் எண்ண வேண்டும். மீன் ஒன்றுக்கு, கையிலிருக்கும் கருவியில் கட்டைவிரலால் ஓர் அழுத்து. பத்து நிமிடம் முடிந்ததும் மணி அடிக்கும். வந்த எண்ணை ஆறால் பெருக்கினால் அந்த மணி நேரத்தின் கணக்கு. முட்டையிட மூன்று லட்சம் மீன் பரணைத் தாண்டிய பிறகுதான் கீழே வளைகுடாவில் வலை போட மீன்வள அலுவலகத்தின் அனுமதி கிடைக்கும். அதுவரை படகுகள் கட்டியபடியே கிடக்கும்.

இந்த ஆண்டு மீன் தாமதம். ஜூலை பிறந்து ஒரு வாரமாகியும் இரண்டு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டவில்லை. அப்போதுதான் கஸ்டி ரேடியோவில் கூப்பிட்டான்.

"அக்கா, மேல என்னதான் பண்ற? விரலு மரத்துப்போச்சா? கொஞ்சம் கடல்நாய் எண்ணெய் தடவி நீவி விடு. இங்க நாலு பிள்ளைங்களும் என்னையே பாத்துக்கிட்டிருக்கு."

அந்த அலைவரிசையில் வளைகுடாவே காது வைத்திருக்கும். படகுக்குப் படகு சிரித்தார்கள். யாரோ, "எனக்கும் சேர்த்து நாலு அழுத்து அழுத்தும்மா," என்றார். மார்ஃபாவும் சிரித்தாள்.

மறுநாள் மதியம் அவள் பரணில் இருந்தாள். பத்து நிமிடத்தில் நூற்றுத் தொண்ணூறு மீன். மணி அடித்தது. அந்த நேரம் பார்த்து, கீழ்வளைவிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. கயிறு திரித்ததுபோல் தடித்த, கறுத்த கூட்டம். வெள்ளைத் தகடே மறைந்துவிட்டது. அவள் விரல் நிற்கவில்லை. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்றாம் நிமிடம். எண்ணூறு மீன். என் கண்ணால் பார்த்த மீன்தானே, இல்லாததையா எழுதுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தாளில் எழுதினாள். எழுதியதை ஆறால் பெருக்கினாள்.

எட்டு ஆண்டு எண்ணியவளுக்கு இது தெரியாததல்ல. கண்ட மீன் ஒவ்வொன்றோடும் காணாத மீன் ஐந்து ஏறிக்கொண்டன. அது ஒருமுறையோடு நின்றிருந்தால் கை தவறியது என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்த மூன்று மணி நேரமும், மணி அடித்த பிறகு கூட்டம் வருகிறதா என்று காத்திருந்து எண்ணினாள். மாலையில் கூட்டிப் பார்த்தால், இல்லாத மீன் பத்தொன்பதாயிரம். மொத்தம் மூன்று லட்சத்து மூவாயிரம்.

மறுநாள் காலை வளைகுடா திறந்தது. பன்னிரண்டு மணி நேரம் வலை போட்டார்கள். கடலிலிருந்து வளைகுடாவுக்குள் வந்து, ஆறேறத் தயாராய்க் காத்திருந்த மீன்களெல்லாம் வலையில் போயின. அவை ஏறியிருந்தால் இன்று பரணுக்குக் கீழே வந்திருக்கும். இன்று வெள்ளைத் தகடு வெள்ளையாகவே கிடந்தது. காலையிலிருந்து மார்ஃபாவின் கருவியில் விழுந்தது பதினேழு. எதிர்க்கரையில் ஒரு கரடி இடுப்பளவு நீரில் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, புல் மேயப் போய்விட்டது.

சமையல் கூடாரத்தில் முகாம் தலைவர் லெனார்ட் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். கஸ்டியைப் பார்த்ததும், "வாய்யா, நாளைக்கும் உனக்கு யோகம்தான். ஆபீஸ்ல இன்னொரு பன்னிரண்டு மணி நேரம் திறக்கப் போறாங்க. ஆறு மணிக்கு உங்கக்கா கணக்கு வாசிச்சதும் அறிவிச்சிடுவாங்க," என்றார்.

"இன்னிக்கு மீனே ஏறலையே," என்றாள் மார்ஃபா.

"அதனால என்ன? மூணு லட்சம் தாண்டியாச்சு. இனிமே வர்றதெல்லாம் உபரிதான். புதுசா வந்த பையன் எண்ணியிருந்தா நானே சந்தேகப்பட்டிருப்பேன். உன் கணக்கை எதுக்கு நான் சரிபார்க்கணும்?"

கஸ்டி அதற்குள் ஒரு மீனை அறுத்து வாணலியில் போட்டிருந்தான். சிவந்த துண்டு ஒன்றை அக்காவின் தட்டில் வைத்தான். அவள் ஒரு வாய் எடுத்தாள். மென்றுகொண்டே இருந்தாள். பிறகு யாருக்கும் தெரியாமல் கையில் துப்பி முகாம் நாயிடம் நீட்டினாள்.

"என்னக்கா, உப்பு போதலையா?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்ப சாப்பிடு. எஞ்சின் சரி பண்ணின கடனை அடைச்சுட்டேன். நாளைக்கும் இப்படியே விழுந்தா குளிர்காலத்துக்கு அடுப்பு எண்ணெயும் வாங்கிடலாம்."

ஆறு மணிக்கு ரேடியோவில் அவள் முறை வந்தது. கஸ்டி காப்பிக் கோப்பையோடு பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஜாடையில் "வாசி, வாசி" என்றான். மார்ஃபா பொத்தானை அழுத்தினாள்.

"இன்னிக்கு ஏறினது நூத்தி ரெண்டு," என்றாள். "மொத்தம் மூணு லட்சம் இல்ல. எட்டாம் தேதி மதியம் நாலு மணி நேரம், மணி அடிச்ச பிறகும் நான் எண்ணினேன். பத்தொன்பதாயிரம் மீன் பொய். தவறி நடந்தது இல்ல. தெரிஞ்சேதான் பண்ணினேன். மார்ஃபா வாசிலி பேசறேன்."

பொத்தானை விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அலுவலகத்தின் பெண்குரல், மறு அறிவிப்பு வரும்வரை யாரும் வலை போடக் கூடாது என்று சொன்னது. அதன் பிறகுதான் ஒவ்வொரு படகாகப் பேச ஆரம்பித்தது. லெனார்ட் எட்டி ரேடியோவை அணைத்தார்.

கஸ்டி கோப்பையைக் கீழே வைத்தான். "நான் விளையாட்டுக்குத்தானே சொன்னேன்," என்றான். குரல் சின்னதாகிப்போயிருந்தது. "உன்கிட்ட நான் கேட்டேனா?"

"கேக்கல."

"ஊரு அப்படியா பேசும்? தம்பி சொல்லி அக்கா பண்ணினான்னுல்ல பேசும். பொய்தான் சொன்ன, அதோட வாயை மூடிக்கிட்டாவது இருந்திருக்கலாம். இல்ல, அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம். இப்ப ரெண்டும் இல்லாம பண்ணிட்டியேக்கா."

அவன் சொன்னதில் பாதி சரி என்பதும், அந்தப் பாதி எது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவன் படகை நோக்கி நடந்தான். மிச்சமிருந்த மீனைச் சாக்கோடு நீட்டினாள்.

"குடுத்ததைத் திருப்பி வாங்கறது இல்ல," என்றான் திரும்பாமலே. எஞ்சின் இரண்டாவது இழுப்பில்தான் பிடித்தது.

லெனார்ட் கூடாரத்திலிருந்து வந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டு வருஷம்," என்றார். "இனிமே அத்தனை வருஷத்துத் தாளையும் எடுத்துப் பாக்கணும்."

"மத்ததெல்லாம் சரியான கணக்கு."

"அப்படித்தான் நானும் நினைச்சிருந்தேன். திங்கக்கிழமைதான் விமானம் வரும். அதுவரைக்கும் வேற ஆள் இல்ல, நீதான் எண்ணணும். நான் பக்கத்துல உட்காருவேன்."

ஏழு மணிக்கு இருவரும் பரணேறினார்கள். வடகோடிக் கோடையில் வெயில் இன்னும் சாயவில்லை. லெனார்ட் மணியை முடுக்கினார். பத்து நிமிடமும் வெள்ளைத் தகட்டின் மேல் நீர் மட்டும் ஓடியது. மணி அடித்தது. பூஜ்யம் என்று எழுதினாள்.

அவள் பேனாவை மூடுவதற்குள் கீழ்வளைவிலிருந்து நான்கு மீன்கள் வந்தன. ஒன்றன் முதுகில் வலை அறுத்த வெள்ளைக் கோடு. அவை தகட்டின் மேல் அவசரமில்லாமல் ஏறிப் போயின. மார்ஃபா கருவியைப் பலகைமேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டாள். பைக்குள் கட்டைவிரல் அசைந்தது.