புருஷன் இருக்கிற தங்கை

"மூச்சு நின்னுடுச்சு, வெளிய போ!" என்று பக்கத்து வீட்டு ஹுயீதா கத்தியதும் சாஸி எழுந்து ஓடிவிட்டான். தங்கையின் கையை உதறினானா, மெல்ல விட்டானா என்பதுகூட அவனுக்கு நினைவில்லை. துனிசியாவின் ஜெர்பா தீவில் அந்தச் சின்னக் குடியிருப்பில் யூத ஆண்கள் எல்லோரும் ஆரோனின் ஆசாரிய குலம். தீட்டுப் படும் என்பதால் பிணம் கிடக்கும் கூரையின் கீழ் அவர்கள் நிற்கக் கூடாது. நடை பழகும்போதே இந்த ஓட்டத்தையும் பழகிவிடுவார்கள்.

பெற்றோர், மனைவி, மக்கள், சகோதரன், கல்யாணமாகாத சகோதரி. இவர்களுக்கு மட்டும் வேத நூலான தோரா விலக்குத் தந்திருந்தது. தங்கை காமூனாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. என்ன கல்யாணம்! துணி விற்க டிரிபோலிக்குப் போனவன் போனவன்தான். செத்தானா இருக்கிறானா தெரியாது, மணவிலக்குச் சீட்டும் அனுப்பவில்லை. அதனால் மறு கல்யாணமும் இல்லாமல் அவள் அண்ணன் வீட்டிலேயே தலை நரைத்தாள். கூட இருந்த நாளில் ஒரு மீன்கூட வாங்கித் தராத அந்தத் தடியன், இன்று சாஸியை வெயிலில் நிறுத்தி வைத்திருந்தான்.

தகவல் போய், ஊர் மதகுரு ரப்பி ஹாய் வந்தார்.

"உள்ள போகணும் ரப்பி."

"எப்படிப்பா? கட்டிக்கொடுத்த சகோதரின்னா கூடாதுன்னு எங்கப்பா சொன்னாரு, அவரோட அப்பாவும் சொன்னாரு."

"எங்க அந்தப் புருஷன்? கூட்டிட்டு வாங்க, நான் ஒதுங்கிக்கிறேன்."

"இன்னிக்குத் தங்கச்சி, நாளைக்கு மாமியாருக்கும் கேப்பியா?" என்றான் எதிர்வீட்டு பிஷி.

சாஸி அவன் பக்கம் திரும்பவே இல்லை. "சோறு போட்டது நான், காய்ச்சல்ல கண்ணு முழிச்சது நான். கடைசியா முகத்தைப் பாக்க மட்டும் நான் ஆகாதா ரப்பி?"

பாவம், முன்னோரைத் தாண்டி ஓரடி வைக்க ரப்பிக்கும் பயம்தான். கேட்டவனோ அழுதுகொண்டிருந்தான்.

"கல்யாணமாகாத சகோதரின்னு எதுக்காகச் சொல்லியிருக்கு?" என்றார் கடைசியில். "புருஷன் இருந்தா அழறதுக்கு, அடக்கம் பண்றதுக்கு அவன் இருப்பான். இல்லாதவளுக்குக் கூடப்பொறந்தவன்தான். இவளுக்கு உன்னை விட்டா யாருப்பா? பெரியவங்க என்னைத் திட்டினா திட்டட்டும். நீ போ."

சாஸி உள்ளே ஓடினான். காமூனாவின் முகத்தை மூடியிருந்தார்கள். ஹுயீதா சுவரோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ போனப்புறம் மறுபடி மூச்சு வந்துச்சுப்பா. கண்ணைத் தொறந்தா. உன்னைக் கூப்பிட வாசல் வரைக்கும் வந்தேன். நீ வர்றதுக்குள்ள அவ உயிர் போயிட்டா உனக்குத் தீட்டாயிடுமேன்னு பயந்து திரும்பிட்டேன். பாவி நான்!"

"ஏதாச்சும் சொன்னாளா அக்கா?"

ஹுயீதா வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் மறுபடி கேட்டான்.

"'அண்ணனும் போயிட்டானா'ன்னு கேட்டா."

சாஸி துணிக்குள் கைவிட்டு அவள் கையைத் தேடி எடுத்தான். இப்போது தடுப்பார் யாருமில்லை. "போகலம்மா, வாசல்லதான் இருந்தேன், வாசல்லதான் இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பாடை தூக்க, ஆசாரிய குலமல்லாத ஆட்கள் பெரிய குடியிருப்பிலிருந்து வந்தபோதும் அந்தக் கையை அவன் விடவில்லை.