வீட்ஸ்கே வேண்டாம் என்ற வியாழக்கிழமை

எங்கள் ஊரில் முன்கூட்டியே நாள் குறிக்காமல் யாரும் யார் வீட்டுக்கும் காபி குடிக்கக்கூடப் போவதில்லை. என் மனைவி வீட்ஸ்கே தன் சாவுக்கும் அப்படித்தான் நாள் குறித்திருந்தாள்: வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணி. தசைகளை ஒவ்வொன்றாக முடக்கும் நோய். கை கால் போயாகிவிட்டது, அடுத்தது மூச்சு. மூச்சு முட்டிச் சாக மாட்டேன், அதற்கு முன்பே ஊசி போட்டு முடித்துவிடுங்கள் என்று, கையால் எழுத முடிந்த நாளிலேயே டாக்டருக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். இரண்டாவதாக ஒரு டாக்டரும் வந்து விசாரித்து, எங்கள் நாட்டுச் சட்டப்படி சரிதான் என்றார்.

புதன்கிழமையே எதிர்வீட்டுக்காரர்கள் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். அவளுடைய தம்பி டுர்க் நாட்டின் மறுகோடியில் உள்ள மாஸ்ட்ரிக்ட்டிலிருந்து காரோட்டி வந்து, கட்டிலருகே உட்கார்ந்து சர்க்கரை ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தான்.

"வெண்ணெய தாராளமா தடவுடா கஞ்சப்பயலே! மிச்சம் வெச்சா நாளைக்கு நானா திங்கப் போறேன்?" என்றாள்.

சரியாக இரண்டு மணிக்கு எங்கள் குடும்ப டாக்டர் ஹூக்ஸ்ட்ரா வந்தார். ஊசிக்கு முன் கடைசியாக ஒருமுறை, சம்மதம்தானா என்று அவளைத் தனியாகக் கேட்டே ஆகவேண்டும் என்பது முறை. எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். பத்து நிமிடம் கழித்துத் திறந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"இன்னைக்கு வேண்டாமாம். எப்ப வேணும்னாலும் கூப்பிடலாம்ங்கிற தைரியத்துல இன்னும் கொஞ்ச நாள் இருந்து பாக்கிறாங்களாம். எனக்கும் ஒரு காபி குடுங்களேன்."

டுர்க் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். நானும் அழுதிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கட்டிலருகே போய் நின்று கத்தினேன்.

"என்ன வீட்ஸ்கே இது? எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. லீவு போட்டாச்சு. இனிமே எப்போ?"

சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. பத்து மாதமாக அவளைத் தூக்கி, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து அலுத்துப் போயிருந்தேன். அதற்காக இப்படிக் கேட்கலாமா? இவ்வளவு கேவலமான ஒருவன் எனக்குள் இருப்பது அன்றுவரை எனக்கே தெரியாது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "சரி டாக்டர். இன்னைக்கே முடிச்சிடுங்க. அவனும் பாவம்."

ஹூக்ஸ்ட்ராவின் முகம் வெளுத்துவிட்டது. பையை மூடினார்.

"முடியாதும்மா."

"நான்தானே கேக்கிறேன்?"

"கேக்கிறது நீங்களா, அவரான்னு எனக்கு இப்போ தெரியல. அது தெரியாம ஊசி போட்டா கொலை. இனி எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அந்த ரெண்டாவது டாக்டரும் மறுபடி வந்து பாக்கணும்."

"அதுவரைக்கும் சம்மதம் சொல்ல எனக்குப் பேச்சு இருக்குமா?"

அவர் பையை எடுத்துக்கொண்டார். காபியும் குடிக்காமல் கிளம்பிவிட்டார். டுர்க் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவர் பின்னாலேயே வாசலுக்குப் போனான்.

"மன்னிச்சிடு" என்றேன்.

"மன்னிக்கிறது இருக்கட்டும். மூச்சு முட்டுறப்போ நீதான் பக்கத்துல உக்காந்து பாக்கணும், சீப்ரன்."

நோய் வந்த நாளிலிருந்து அவள் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.