சாமி அளவு

வெள்ளிவிழா மலருக்குக் கல்லூரியின் வரலாற்றை எழுதும் வேலை முத்துச்செல்வியிடம் வந்திருந்தது. அங்கேயே படித்து, அங்கேயே சிவில் துறையில் ஆசிரியர் ஆனவள். ஆனையூருக்கு வடக்கே கண்மாயின் ஒரு பகுதியை மண் கொட்டி நிரப்பித்தான் பல்கலைக்கழகம் இந்தப் பொறியியல் கல்லூரியைக் கட்டியது. அந்த முதல் வரிக்கு மேல் அவளால் நகர முடியவில்லை.

அந்த வாரம் நில அளவைச் செய்முறைத் தேர்வு. கேள்வி எந்த வருடமும் மாறாது. நுழைவாயில் பாறையில் செதுக்கிய குறியைவிட மாணவியர் விடுதியின் வாசற்படி எவ்வளவு உயரம்? கல்லூரி தொடங்கிய வருடம் வெள்ளைத்துரை அளந்தபோது தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். இப்போது அவர் துறைத்தலைவர். ஒவ்வொரு செட்டும் அடுத்த செட்டுக்கு அந்த விடையைச் சொல்லிவிட்டுப் போனது. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் சாமி அளவு. கருவி என்ன காட்டினாலும் கணக்கு அங்கே வந்து முடிய வேண்டும். முத்துச்செல்வியும் அப்படித்தான் தேறினாள்.

விடுதியில் தங்கியிருந்த இறுதியாண்டு மாணவி சரண்யாதேவிக்கு எண்பத்து நான்கு வந்தது.

"திரும்பப் பாரு" என்றாள் முத்துச்செல்வி.

"பாத்துட்டேன் மேம். அம்புட்டுத்தான் வருது. எங்க ரூம் கதவே சாத்த மாட்டேங்குது. பேனா விழுந்தா அதுவா உருண்டு செவத்துக்குப் போகுது."

அளவுகோலைப் பிடித்துக்கொண்டிருந்த தோழி சிரித்தாள். "சாமி குத்தம்டி. தொண்ணூத்தாறுன்னு எழுதிட்டு வா, பசிக்குது."

முத்துச்செல்வி குனிந்து கருவியில் தானே பார்த்தாள். எண்பத்து நான்குதான். நேராக வெள்ளைத்துரையின் அறைக்குப் போனாள்.

"படி எறங்கியிருக்கு சார். மழைக்கு முன்னாடி விடுதியக் காலி பண்ணணும்."



"ஏம்மா, இம்புட்டு வருசமா ஒருத்தருக்கும் வராதது அந்தப் பிள்ளைக்கு மட்டும் வருதாக்கும்? விழாவுக்குத் துணைவேந்தர் வாராரு. இப்பப் போயி காலி பண்ணுன்னா? அந்தப் பிள்ளைய ஒழுங்கா எழுதச் சொல்லு. பெயிலாப் போனா கேம்பஸ்ல கெடச்ச வேலையும் போயிரும்."

அவள் திரும்பி வந்தாள்.

"தொண்ணூத்தாறுன்னே போட்டுக்க."

சரண்யாதேவி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுதினாள். முத்துச்செல்வி முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டாள்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் விடுதியின் மேற்குச் சுவர் சரிந்தது. எல்லோரும் வகுப்பில் இருந்தார்கள். காய்ச்சலென்று படுத்திருந்த சரண்யாதேவி மட்டும் உள்ளே. இடிபாட்டிலிருந்து தூக்கியபோது உயிர் இல்லை.

விசாரணைக்கு ஒரு பொறியாளர் வந்தார். கட்டடம் முன்பே இறங்கியிருந்ததா என்று கேட்டார். அங்கீகாரக் குழுவுக்குக் காட்டுவதற்காகக் கட்டி வைத்திருந்த செய்முறைத் தாள்களை வெள்ளைத்துரை மேசையில் பரப்பினார். எல்லாவற்றிலும் தொண்ணூற்றாறு.

"அசையவே இல்லங்கய்யா. இந்தா பாருங்க, எறந்துபோன பிள்ளையே அளந்திருக்கு."

முத்துச்செல்வி எழுந்தாள். "அந்தப் பிள்ளை எண்பத்து நாலுன்னுதான் சொன்னா. நானும் பார்த்தேன்."

பொறியாளர் அந்தத் தாளை எடுத்து இருபுறமும் புரட்டினார். கடைசியில் அவளுடைய கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது நீங்க போட்டதுதானே?"

வெளியே மழை இன்னும் விடவில்லை.

"ஆமா" என்றாள்.