தானாகக் கழன்று வரும்

தொட்டால் கையோடு வந்துவிட வேண்டும். வராவிட்டால் இன்னும் காய். தங்க நிற ராஸ்பெர்ரியில் பழுத்தது எது என்று கண்ணால் சொல்லிவிட முடியாது. வெளிர் மஞ்சளும் தேன் நிறமும் நிழலில் ஒன்றுபோலவே இருக்கும். சிவக்காததால் குருவிகள்கூட அவற்றை நம்பி வருவதில்லை. தங்கை ஒவ்வொன்றாக, தூங்கும் குழந்தையின் விரலைப் பிரிப்பவள்போலத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். பழுத்தவை நடுவிலிருக்கும் வெள்ளைக் குருத்தைச் செடியிலேயே விட்டுவிட்டு, குட்டித் தொப்பிகளாகக் கழன்று அவள் விரல்களில் ஏறிக்கொண்டன.

அக்கா பின்வாசலில் வந்து நின்று கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி, எல்லாத்தையும் காயாவே பறிச்சு வச்சிருக்க? சிவக்க வேணாமா?"

"இது சிவக்காதுக்கா. நடும்போதே சொன்னேனே."

"நீ ஆயிரம் சொல்லுவ. சாயங்காலம் வர்றவங்க வாயில வச்சுட்டு மூஞ்சியச் சுளிச்சா எனக்குத்தான அசிங்கம்?"

"நீயே தொட்டுப் பாரு. பழுத்திருந்தா தானா கழண்டு வரும். வரலேன்னா விட்டுரணும். இழுத்தா பிஞ்சு போகும்."

அக்கா ஒன்றைத் தொட்டாள். வந்துவிட்டது. வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "அடிப்பாவி, தேனா இருக்குடி!"

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு தங்கைக்கு அன்றைய பொழுது ஓடிவிடும் போலிருந்தது.

தங்கையை அவள் கணவன் கழட்டிவிட்டுவிட்டான் என்பது அக்காவின் சொல். போனில் யாரிடமோ அப்படிச் சொன்னாள், கதவு திறந்திருந்தது. ஒரு பெட்டியோடு வந்தவளுக்குப் பழைய சாமான்கள் கிடந்த பின்னறையை ஒழித்துக் கொடுத்தார்கள். "உன் வீடு மாதிரி நினைச்சுக்கம்மா" என்றார் அத்தான். அந்த 'மாதிரி' அவளுக்குள் வெகுநாள் கிடந்து உறுத்தியது. அதற்குப் பதில் சொல்வதுபோலத்தான் மதிலோரம் இந்தச் செடிகளை நட்டு, கம்பி கட்டி, தண்டுகளை ஏற்றிவிட்டாள். இந்த ஆண்டு முளைக்கும் தண்டு அடுத்த ஆண்டுதான் காய்க்கும். அடுத்த ஆண்டும் இங்கேயே இருப்போம் என்று நினைப்பவர்கள்தான் இதை நடுவார்கள்.

மாலையில் அத்தானின் அலுவலக நண்பரும் அவர் மனைவியும் வந்தார்கள். பழங்கள் பேச்சுவாக்கில் தீர்ந்தன. கை கழுவ வந்த அந்த அம்மாள் பின்னறை வாசலில் நின்றுவிட்டாள். கட்டிலையும் ஜன்னலையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"ஜன்னலுக்குக் கீழ மேசை போட்டுக்கலாம், இல்ல?"

தன் அறையை ஒருவர் இவ்வளவு அக்கறையாகப் பார்ப்பது தங்கைக்குப் பிடித்திருந்தது. "போடலாங்க. மத்தியானம் மட்டும் வெயில் மூஞ்சியில அடிக்கும்."

"பரவால்ல. பகல்ல எங்க தம்பி ரூம்ல இருக்க மாட்டான், வேலைக்குப் போயிடுவான்."

சொன்ன பிறகுதான் அந்த அம்மாளுக்கு விளங்கியது. முகம் வெளுத்து, "உங்ககிட்ட இன்னும் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கூடத்துக்குப் போய்விட்டாள்.

"இன்னும் கொஞ்சம் பறிச்சிட்டு வாடி!" கூடத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

தங்கை கிண்ணத்தோடு மதிலோரம் போனாள். கூடத்து ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அந்த அம்மாள் ஏதோ தணிந்த குரலில் சொன்னாள்.

"கூடப் பொறந்தவளாச்சே, போன்னு எப்படிங்க வாயத் திறந்து சொல்றது?" என்றாள் அக்கா. "இழுத்தா பிஞ்சு போகும். கொஞ்சம் விட்டுப் பிடிப்போம். தானா கழண்டுக்குவா."

"பழம் மாதிரி," என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவின் சிரிப்புதான் கடைசியாக நின்றது.

காலையில் பறித்த இடங்களில் வெள்ளைக் குருத்துகள் துருத்திக்கொண்டிருந்தன. அடியில், அடுத்த ஆண்டுக்கான இளந்தண்டுகள் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தன. தங்கை கைக்கெட்டிய பழம் ஒன்றைத் தொட்டாள். வரவில்லை. விடாமல் பிடித்து இழுத்தாள். கம்பி அதிர்ந்தது. முள் கையில் கீற, தண்டு முழுவதும் வளைந்து அவள் மார்புவரை வந்தது.

பழம் வரவில்லை.