ஏழாம் எண்ணின் கழுத்துப்பட்டை

என் மகள் ஸ்மராண்டா ஆன்டெனாவை உயர்த்திப் பிடித்தபடி எங்கள் பிளம் தோட்டத்தின் வழியாக இறங்கி வருவதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவள் தோளில் தொங்கிய கருவி டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக எனக்குப் பழகிய ஓசைதான். ஆனால் இன்று வேகமாக அடித்தது. விலங்கின் கழுத்தில் மாட்டிய ரேடியோப் பட்டை பல மணி நேரம் அசையாமல் கிடந்தால் இப்படி அடிக்கும் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

பிரஷோவ் பல்கலைக்கழகத்தில் காட்டுயிரியல் படிக்கிறாள். இது கடைசி வருடம். எங்கள் மலையில் திரியும் லின்க்ஸ் என்னும் பெரிய காட்டுப்பூனைகளைப் பற்றித்தான் அவள் ஆய்வு. என் தந்தை வனக்காவலர், நானும் முப்பத்து நான்கு வருடம் அந்தப் பச்சைச் சீருடையைப் போட்டவன். இந்தப் பள்ளத்தாக்கில் எங்கள் குடும்பத்தைப் பார்த்து ஒருவரும் விரல் நீட்டியதில்லை. சுருக்குக்கம்பி வைத்தவர்களை நானே கோர்ட்டுக்கு இழுத்திருக்கிறேன்.

இந்த இலையுதிர்காலத்தில் காட்டுப்பன்றிகள் என் உருளைக்கிழங்கு நிலத்தைக் கிளறிப்போட்டன. ஒரே ஒரு சுருக்குக்கம்பி வைத்தேன். திங்கட்கிழமை காலை அதில் பன்றி இல்லை. காதுக் குஞ்சங்களில் உறைபனி படிந்து, ஸ்மராண்டா பட்டை மாட்டிய ஏழாம் எண் லின்க்ஸ் செத்துக் கிடந்தது. உடலைப் புதைத்தேன். பட்டையை ஆற்றில் எறிந்திருக்க வேண்டும். அதில் பல்கலைக்கழகத்தின் முத்திரையும் எண்ணும் இருந்தன. அலுவலகச் சுத்தியலைக்கூடக் கையெழுத்துப் போட்டு வாங்கித் திருப்பிக் கொடுத்துப் பழகியவனுக்குக் கை வரவில்லை. இரும்புப் பெட்டியில் சீருடைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். இரும்பு அதன் வாயை அடைத்துவிடும் என்று நினைத்தேன்.

வெளியே போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டு இலாரியே நின்றிருந்தான். சுருக்குக்கம்பி வைத்ததற்காகப் பத்தொன்பது வருடத்துக்கு முன்பு நான் பிடித்துக் கொடுத்தவன்.

"என்ன பொண்ணே, வானத்துல மீன் பிடிக்கிறியா?"

"மீன் இல்ல மாமா, பூனை. உங்க பக்கம் வந்துச்சா?"

"உங்கப்பன் என்னைக் கோர்ட்டுல நிறுத்தினதுலேர்ந்து துணி காயப்போடக்கூட நான் கம்பி கட்டுறதில்ல தாயி."

அவள் சிரிக்கவில்லை. என்னருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா, சத்தம் இங்கதான் எங்கேயோ வருது. அமுங்கின மாதிரி இருக்கு. இரும்புக்குள்ள வெச்சிருக்காங்க. இலாரியே மாமா கொட்டகை முழுக்க இரும்புச் சாமான்தானே. போலீசைக் கூப்பிடட்டுமா? நீங்க பேசினா உடனே வருவாங்க."

பேசும்போது எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஆன்டெனாவை ஒருமுறைகூட இந்தப் பக்கம் திருப்பவில்லை. திருப்பிப் பார்க்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"விட்டுடேன்மா. படிக்க வேற பூனை இல்லையா?"

"செத்ததும் ஒரு தகவல்தான்ப்பா. எங்க, எப்போ, எதால. நோட்டுல அந்த இடத்தைக் காலியா விட்டா ரெண்டு குளிர்காலம் பனியில நடந்தது எதுக்கு?"

இலாரியேவுக்குக் காது கூர்மை.

"வந்து பாருங்க வனக்காவலரே. கொட்டகை திறந்துதான் கிடக்கு" என்றான். வேலிக்கட்டையைப் பிடித்திருந்த அவன் கை நடுங்கியது. குற்றம் செய்யாதவனின் நடுக்கத்தை நான் அத்தனை வருட வேலையில் பார்த்ததில்லை. அல்லது பார்த்தும் நம்பியதில்லை.

ஸ்மராண்டா தொலைபேசியை எடுத்து என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினால் போதும்.

"கொஞ்சம் இரு" என்று உள்ளே போனேன்.

இரும்புப் பெட்டியைத் திறந்தேன். சீருடையின் பித்தளைப் பொத்தான்கள் சில்லென்றிருந்தன. அதன் அடியில் பட்டை. கொக்கியில் பழுப்பு முடி நான்கைந்து சிக்கியிருந்தது. பெட்டிக்கு வெளியே எடுத்தேன்.

தோட்டத்தில் அந்த ஓசை சட்டென்று உரத்தது, பலகையில் சுத்தியல் அடிப்பதுபோல. சரளைக்கல்லில் மகளின் பூட்ஸ் சத்தம் நின்றது. பிறகு வீட்டுப் பக்கம் திரும்பியது.

பட்டையைக் கையில் பிடித்தபடி முதுகை நிமிர்த்தி நின்றேன். படி ஏறும் ஓசையும் அந்த டிக் டிக்கும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.