விளக்கு அணையும் இடம்

விளக்குப் பள்ளி வரிசையின் ஏழாவது படத்துக்கு விமர்சனம் எழுதப் புறப்பட்டபோது, அக்கா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "படம் எப்படின்னு அப்புறம் சொல்லு. முதல்ல குரல் எப்படின்னு சொல்லு."

"நீ பேசின மாதிரி வருமா?"

"ஐஸ் வைக்காதடா. தொண்டைக்கு ஆகாது."

அந்த மந்திரப் பள்ளியில் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு விளக்கு உண்டு. உயிர் இருக்கும்வரை அது எரியும். முதல் ஆறு படங்களில் கதாநாயகப் பையனுக்குத் தமிழ்க் குரல் அக்காதான். திரையில் அவள் பெயர் ஒருமுறையும் வந்ததில்லை. ஏழாவதிலும் பாதிவரை பேசி முடித்திருந்தாள். பிறகு டப்பிங் நிறுவனத்தார் பையனுக்கு மீசை முளைத்துவிட்டது என்று எல்லாவற்றையும் அழித்து, ஓர் இளைஞனைப் பேசவைத்தார்கள்.

"என் குரலுக்கு மீசை வரலையாம்" என்று அன்று சிரித்தாள். அதன்பின் ஒரு வாரம் வீட்டில் வாயே திறக்கவில்லை.

பத்திரிகையாளர் காட்சியில் குற்றம் கண்டுபிடிக்கவே உட்கார்ந்தேன். போர்க் காட்சிகள் நீளம்தான். பனிக்கோட்டை அழகு. புதுக் குரலோ கச்சிதமாகப் பொருந்தியது. எரிச்சலாக இருந்தது.

பிறகு நண்பனின் விளக்கு அணைகிறது. பையன் அதைக் கையில் ஏந்தி நிற்கிறான். வசனமில்லை. மூச்சு ஒருமுறை தொண்டையில் இடறி நின்று, அப்புறம் ஒரு விம்மல்.

அப்பா போன அன்று கதவில் சாய்ந்துகொண்டு அக்கா இப்படித்தான் அழுதாள்.

வசனங்களை எல்லாம் தேடித் தேடி அழித்தவர்கள், வசனமில்லாத இடத்தைப் பார்க்க மறந்திருக்கிறார்கள்.

அலுவலகத்தில் வேகமாக எழுதினேன். 'இந்தப் படத்தின் உயிர் ஒரே ஒரு விம்மலில் இருக்கிறது. அது பழைய குரல்.' ஆசிரியருக்கு அனுப்பப் போன விரல் நின்றது. டப்பிங் நிறுவனத்து மேலாளர் என் விமர்சனங்களை விடாமல் படிப்பவர். தவறு தெரிந்தால் அடுத்த வாரமே அந்த விம்மலையும் மாற்றிவிடுவார்.

அக்காவை அழைத்தேன்.

"குரல் எப்படிடா?"

"பொருந்துதுக்கா."

"ம்."

"ஆனா விளக்கு அணையற இடத்துல அழறது நீ."

"அங்க வசனமே கிடையாதே."

"அதனாலதான் தப்பிச்சிருக்கு. எழுதிட்டேன். வெளியே வந்தா உன் குரல்னு ஊருக்குத் தெரியும். ஆனா அதையும் தூக்கிடுவாங்க. நீயே சொல்லு."

போனில் மூச்சு இடறும் சத்தம் கேட்டது.

"இத்தனை வருஷம் பேரு இல்லாமத்தானே பேசினேன்? அழிச்சுடு."

"நிஜமாவா?"

"நான் அங்கேயே இருந்துட்டுப் போறேன்டா. நீ உன் மீசைக்காரனைப் பாராட்டி எழுது. நல்லாப் பேசியிருக்கான்ல?"

அந்த இரண்டு வரிகளை அழித்தேன். புதுக் குரல் பொருந்துகிறது என்று எழுதினேன். அதுவும் உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் டிக்கெட் வாங்கிப் பார்த்தோம். அந்தக் காட்சி வந்தது. பின்வரிசையில் நொறுக்குத்தீனிப் பையின் சரசரப்பு நின்றது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அக்கா திரையைப் பார்க்கவில்லை. இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, வெளிச்சம் விழுந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.