பெரியவளும் சின்னவளும்

குதிகால் வெளியே நின்றது. தஞ்சாவூரில் வாங்கி வந்த புதுச் செருப்பின் வாரை முழுக்கத் தளர்த்திவிட்டு ஜெனிட்டா இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள். அமலோற்பவத்தின் வலது கால் உள்ளே இறங்க மாட்டேன் என்றது. விடியற்காலையில் உயிர் போன மாமியாரைக் குளிப்பாட்டி, பட்டுச்சேலை கட்டிக் கட்டிலில் கிடத்தியாயிற்று. சவப்பெட்டியும் வாசலுக்கு வந்துவிட்டது. செருப்புதான் பாக்கி.

“விடுங்க அண்ணி,” என்றாள் நாத்தனார் பிரின்ஸி. “காலு மேல பூவப் போட்டு மூடிடலாம். செத்தவங்களுக்கு யாராவது செருப்பு மாட்டுவாங்களா?”

“உங்கம்மா கேட்டாங்களே.”

“எங்கம்மா என்னதான் கேக்கல? எங்க வீட்டுக்காரர் சொந்தமெல்லாம் வருது. அது முன்னாடி இந்தக் காலக் காட்டணுமா?”

அந்தக் கால் ஜெனிட்டாவுக்குத் தன் கையைப் போலப் பழகியிருந்தது. கல்யாணமாகி பூதலூருக்கு வந்த புதிதில் பார்க்கவே கூசினாள். யானைக்கால். கணவன் ரெமிஜியஸ் குவைத்துக்குப் போன பிறகு, தினமும் காலையில் மாமியார் கட்டிலைவிட்டு இறங்குமுன் கட்டுப் போடுவது அவள் வேலையாயிற்று. விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, கிரேப் பேண்டேஜை விரலடியில் ஆரம்பித்து, கணுக்காலில் இறுக்கி, முழங்காலை நோக்கி ஏற ஏறத் தளர்த்திக்கொண்டே போகவேண்டும். மாமியாரும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியதைவிட அந்தக் காலைப் பார்த்துப் பேசியதுதான் அதிகம்.

வலது கால் பெரியவள், இடது கால் சின்னவள். அமலோற்பவம் வைத்த பேர். “பெரியவ நேத்து என்னத் தூங்கவே விடலடி. சின்னவ பாவம், வாயில்லாப் பூச்சி,” என்பாள், இரண்டும் சக்களத்திகள் மாதிரி.

ரெமிஜியஸ் விடுப்பில் வரும்போதெல்லாம் ஒரே மாதிரிச் செருப்பில் ஆறாம் நம்பர் ஒரு சோடி, ஒன்பதாம் நம்பர் ஒரு சோடி வாங்கி வருவான். சின்ன இடதும் பெரிய வலதும் அம்மாவுக்கு. மிச்ச இரண்டும் அய்யம்பேட்டை சைத்தூன் பீவிக்குப் போகும். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடக் கற்றுக்கொள்ளப் போன இடத்தில் கிடைத்த சிநேகிதி அவள். அவளுக்கு வீக்கம் இடது காலில். “நாம ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒழுங்கா ரெண்டு பொம்பள,” என்று சொல்லி இருவரும் சிரிப்பார்கள்.

படுக்கையில் விழுந்த பிறகுதான் அமலோற்பவம் கேட்டாள். “போறப்பவாச்சும் ஒரே சோடியாப் போட்டு அனுப்புடி. அங்க போயும் ‘காலுல என்னம்மா’ன்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது.”

ஜெனிட்டா சரி என்றாள். அன்றிலிருந்து சாயங்காலமும் அவிழ்த்துப் புதிதாகக் கட்டினாள். வீக்கம் வடிந்தது. கணுக்கால் எலும்பு தட்டுப்பட்ட அன்று சேமியா பாயசம் வைத்து இருவரும் குடித்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஏழாம் நம்பர் வாங்கி வந்தாள். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள்.

“எங்க எம் பாதி?”

வாசலில் சைத்தூன் பீவியின் குரல். உள்ளே வந்து அமலோற்பவத்தின் கன்னத்தைத் தடவினாள். பிறகு தரையில் கிடந்த புதுச் செருப்பையும் ஜெனிட்டாவின் சிவந்த விரல்களையும் பார்த்தாள்.

“என்ன புள்ள பண்ற?”

ஜெனிட்டா சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. “குடுத்த வாக்கு, பீவியம்மா. இதுக்கு மேல இறுக்க முடியல.”

“அடிப் பைத்தியமே! செத்த பிறகும் பெரியவளப் போட்டு நசுக்கிக்கிட்டு. சின்னவளப் பெருசாக்கு!”

சைத்தூன் பீவி வாசலுக்குப் போய், கழற்றிவிட்டிருந்த தன் இடது காலின் ஒன்பதாம் நம்பரை எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்தாள். கட்டிலுக்கடியில் கிடந்த அமலோற்பவத்தின் வலது செருப்பை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். குவைத்திலிருந்து ஒன்றாக வந்த சோடி.

கொடியில் காய்ந்துகொண்டிருந்த பேண்டேஜ் சுருள்களையெல்லாம் ஜெனிட்டா அள்ளி வந்தாள். “பிரின்ஸி, காலப் புடி.”

பிரின்ஸி தயங்கினாள். அப்புறம் உட்கார்ந்து, அம்மாவின் மெலிந்த இடது காலை மடியில் வாங்கிக்கொண்டாள்.

“இறுக்காத, இறுக்காத,” என்றாள் சைத்தூன் பீவி. “லூசாச் சுத்து. டாக்டர் பாத்தா நம்மள அடிப்பாரு.”

“கணுக்கால்ல இன்னும் வேணும் அண்ணி. அம்மாவுக்கு அங்கதான் சதை தொங்கும்.”

“ஓகோ, இப்பத் தெரியுதா உனக்கு!” என்றாள் ஜெனிட்டா.

பிரின்ஸிக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். சாவு வீட்டுக்குள்ளிருந்து வந்த சிரிப்பைக் கேட்டு வாசலில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். சுருள் தீர்ந்தபோது இரண்டு கால்களும் ஒரே பருமனாக நின்றன. செருப்புகள் அளவெடுத்ததுபோல ஏறின. மூடக் கொண்டுவந்த பூவைப் பிரின்ஸி அம்மாவின் கைப்பக்கம் ஒதுக்கி வைத்தாள்.

அம்மாவுக்கு முடியவில்லை என்று கேட்டு முந்தின நாளே குவைத்திலிருந்து கிளம்பியிருந்த ரெமிஜியஸ் மத்தியானம் திருச்சி விமான நிலையத்திலிருந்து வந்தான். ஷூவை வாசலில் கழற்றிவிட்டு ஓடி வந்தவன், அம்மாவின் முகத்தைப் பார்த்து அழுதான். எழுந்தபோது கண் காலுக்குப் போனது. வெகுநேரம் அங்கேயே நின்றது.

“சோடியா?” என்றான்.

“சோடிதான்,” என்றாள் ஜெனிட்டா.

அவன் திரும்பி சைத்தூன் பீவியின் வெறும் இடது காலைப் பார்த்தான். வாசலுக்குப் போய்த் தன் இடது ஷூவோடு வந்து, கயிற்றை உருவிவிட்டு, அவள்முன் முழங்காலிட்டான்.

“ஐயய்யோ, வேணாம் தம்பி. ஆம்பளச் செருப்பு…”

“கால நீட்டுங்கம்மா.”

கோயில் மணி அடித்தது. பெட்டியைத் தூக்கினார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு வாய்க்கால் கரை வழியாகத்தான் போகவேண்டும். இருபுறமும் சம்பா நடவு பச்சை பிடித்திருந்தது. முந்தின நாள் மழையில் கரை சேறாகக் கிடந்தது. பெண்களோடு நடந்த ஜெனிட்டா முன்னால் பார்த்தாள். பெட்டிக்குத் தோள் கொடுத்துப் போய்க்கொண்டிருந்த ரெமிஜியஸ், புறப்பட்ட அவசரத்தில் வலது ஷூவை மட்டும் மாட்டியிருந்தான். இடது காலில் சாக்ஸ், சேறு அப்பிக் கனத்து, ஒவ்வொரு அடிக்கும் பாதி கழன்று இழுபட்டது.

அவள் கூப்பிட்டுச் சொல்லவில்லை.